தடை சொல்ல மூன்று நாள்

இன்வர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியதுதான் அம்மாவும் மகனும் சேர்ந்து செய்த கடைசி வேலை. பெனின் மூடிகளைக் கழற்றினான். அன்னாள் புனலைப் பிடித்தாள். மிதவைக் குச்சிகள் எல்லாம் சிவப்புக்கு இறங்கிக் கிடந்தன.

“ஏலே, பொங்க விட்டுராத. ஆசிட்டு. போன தடவ என் சேலையில ஓட்டை விழுந்துச்சு.”

“எலி கடிச்சதுன்னுல்ல சொன்ன?”

“ஒங்கிட்ட எலின்னேன். சேலைக்கடைக்காரன்கிட்ட துணி சரியில்லன்னேன். நீ வேலையப் பாரு.”

சொல்லிவிட்டு அவள் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. புனல் லேசாக நடுங்கியது. பெனினுக்குச் சாப்ட்வேர் சோதிக்கிற வேலை. எது எங்கே உடையும் என்று பார்ப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். நடுக்கத்தைப் பார்த்தான். கை வலி என்று நினைத்துக்கொண்டான்.

“நம்ம ரத்த ஆப்புல கௌதம் ஓலை போட்டிருக்கான், இப்பத்தான்,” என்றாள்.

“என்ன ஓலை?”

“ரத்தம் கொடுக்கிறவிய பேரு, தெரு, நம்பரு எல்லாத்தையும் தேடுத ஆளுக்கு நேராக் காட்டிரணுமாம். நடுவுல நாம போன் போட்டுக் கேட்டுச் சொல்றது வேண்டாமாம்.”

“நல்லதுதான? நேரம் மிச்சம்.”

“நல்லதுதான்.” புனலை அடுத்த துவாரத்துக்கு மாற்றினாள். “மம்சாபுரத்துல ஒரு பிள்ளை இருக்கா. சாதி மாறிக் கட்டிக்கிட்டு ஓடி வந்தவ. அவ அண்ணன்மாரு ஊர் ஊராத் தேடுதானுக. சும்மா தேடல, அரிவாளோட தேடுதானுக. நம்ம லிஸ்ட்டுல அவ இருக்கா. ஓ நெகட்டிவ்.”

பெனின் கையிலிருந்த கேனை நிமிர்த்தினான்.

“அவ பேரை எடுத்துரு.”

“நான் எடுக்க முடியாதுலே. அவ போனுக்கு வர்ற நம்பரைப் போட்டாத்தான் பேர் போகும். அந்தச் சட்டமும் நாங்களே போட்டதுதான். நாளைக்கு நேர்ல போயி எடுத்துட்டு வாரேன். எப்படியும் போகணும், அவளுக்குக் குக்கர் கேஸ்கட் வாங்கி வச்சிருக்கேன். கடைத்தெருப் பக்கமே வரமாட்டா, பாவம். ஆனா இவ ஒருத்திய எடுத்துட்டாப் போதுமா? இவள மாதிரி உள்ள எம்புட்டுப் பேரு இருக்காளுகளோ. எனக்குத் தெரிஞ்சது ஒருத்தி.”

“அப்ப தடை போடு.”

“காரணம் எழுதணுமே. எழுதுனா அதுவே காட்டிக் கொடுத்துரும். உலகமே படிக்கிற பக்கம். அண்ணன்காரன் படிக்க மாட்டானா?” குச்சிகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு ஏறின. “யோசிச்சுக் காலையில எழுதுறேன். நீ மூடியப் போடு.”

மறந்துவிடக் கூடாது என்று கேஸ்கட் பொட்டலத்தை இன்வர்ட்டருக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினாள்.

காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

அன்னாள் ராஜபாளையத்தில் ஒரு ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். கணவர் போய் வெகுகாலம் ஆகிறது. மகன் கோயம்புத்தூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவான். வேலையை விட்ட பிறகும் அவளை ரத்தம் விடவில்லை. சுற்றுவட்டாரத்தில் யாருக்கு ஒரு யூனிட் வேண்டுமென்றாலும் அவள் போன்தான் அடிக்கும். சோறு பிசைந்த கையோடு பேசுவாள். ஜெபக்கூட்டத்தில் எழுந்து வெளியே போய்ப் பேசுவாள்.

இதைப் பார்த்துத்தான் கௌதம்ராஜ் ஒரு செயலி எழுதிக் கொடுத்தான். ராஜபாளையத்துக்காரன். பேண்டேஜ் துணி விற்கிற குடும்பம், படித்தது கம்ப்யூட்டர். செயலிக்கு ‘ஒரு யூனிட்’ என்று பெயர் வைத்து, எழுதிய நிரல் முழுவதையும் இணையத்தில் திறந்து வைத்தான். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், தங்கள் ஊருக்கு ஓட்டிக்கொள்ளலாம். பேச்சுவார்த்தையும் திறந்த பக்கத்தில்தான். தேனியில் ஒரு கூட்டம் எடுத்துக்கொண்டது. துபாயில் இருக்கிற ஒருவர் பிழை திருத்தி அனுப்பினார். யாருக்கும் சம்பளம் கிடையாது.

சம்பளம் இல்லாத இடத்தில் சண்டைக்குப் பஞ்சமிருக்காது. யார் சொல்வது செல்லும் என்று கேள்வி வந்தது. ஓட்டுப் போடலாம் என்றார்கள். அன்னாளுக்கு ஓட்டு என்றாலே குலை நடுங்கும். திருச்சபைக் கமிட்டித் தேர்தல்களில் பட்டவள் அவள். “ஓட்டுன்னா ரெண்டு அணி. ரெண்டு அணின்னா கோயில் கதவுல ரெண்டு பூட்டு,” என்பாள். ஒரு தேர்தலில் கல்லறைத் தோட்டத்திலிருந்து நாலு ஓட்டு விழுந்ததை அவள் சொல்லிக் கேட்காத ஆளே ஊரில் இல்லை.

அவள் வேறு வழி சொன்னாள். கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். ஒருவரும் சொல்லாவிட்டால் கல்யாணம் நடக்கும். அதையே இங்கே கொண்டுவந்தாள். எதை மாற்ற வேண்டுமானாலும் திறந்த பக்கத்தில் எழுதிப் போடு. மூன்று நாள் அவகாசம். உறுப்பினர் ஒருவர் காரணத்தோடு தடை சொன்னால் அது நின்றுவிடும், பிறகுதான் ஓட்டு. காரணம் இல்லாத தடை செல்லாது. யாரும் வாய் திறக்காவிட்டால் சம்மதம். மனு, தீர்மானம் என்றெல்லாம் பெயர் வைத்துப் பார்த்தார்கள்; எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் பள்ளிவாசல் தெரு ரியாஸ் வரைக்கும் “ஓலை போட்டாச்சா?” என்றுதான் கேட்டார்கள்.

அந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. அவள் செத்த அன்றுதான் அது தெரிந்தது.

அன்றைக்கே அடக்கம். கல்லறைத் தோட்டம் நிறைந்துவிட்டது. முக்கால்வாசிப் பேரைப் பெனினுக்குத் தெரியாது. யாருக்கோ எப்போதோ ரத்தம் ஏற்பாடு செய்து கொடுத்திருப்பாள். அவர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். தெரியாத ஆண்கள் ஓரமாக நின்று அவனைப் பார்த்தார்கள். இதில் அந்த அண்ணன்மார் இருந்தால் எப்படித் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை. பெட்டி இறங்கும்போதும் அவன் மண்ணைப் பார்க்காமல் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முகமது ரியாஸ் வந்து கையைப் பிடித்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மொபைல் கடை வைத்திருப்பவன். கண் வீங்கியிருந்தது.

“அண்ணே, குரூப்புல சொல்லிட்டேன். அம்மாவுக்கு மரியாதையா மூணாம் நாள் ஜெபம் முடியிறவரை ஒரு பயலும் ஒண்ணும் பேசப்படாதுன்னு. ரத்தம் கேட்டு வர்றதை மட்டும் பாத்துக்கிடுதாக. மத்தபடி ஒருத்தரும் வாயைத் திறக்கல. துபாய்க்காரர்கூட கம்முனு இருக்காரு. அவரு எப்பவாச்சும் கம்முனு இருந்து பாத்திருக்கியளா?”

பெனின் தலையாட்டினான். நன்றி சொன்னான். அவன் நாலு எட்டுப் போன பிறகுதான் உறைத்தது.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காவிட்டால் சம்மதம்.

கௌதம் ஓலை போட்டது அம்மா சாவதற்கு முந்தின சாயங்காலம். மூன்றாம் நாள் ஜெபம் ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும். மூன்று நாள் அவகாசமும் அன்றைக்கு அதே ஆறு மணிக்கு முடிகிறது. உறுப்பினர் எல்லாரும் அவளுக்காகவே மௌனமாக இருக்கிறார்கள். அவள் எழுத நினைத்த தடையை அந்த மௌனமே அடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் கௌதம் வீட்டுக்கு வந்தான். வாசலில் பைக் நின்ற சத்தத்துக்கே பெனினுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. வந்தவன் அன்னாளின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

“அண்ணே, நாளைக்கு ஜெபம் முடிஞ்சதும் புதுப் பதிப்பை விடுறேன். அம்மா பேர்லதான் விடுறேன். ‘அன்னாள்’னு.”

பெனின் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“கொஞ்ச நாள் பொறுக்கலாமே, கௌதம்.”

“எதுக்குண்ணே? தடை ஒண்ணும் வரலியே.”

“சாவு விழுந்த துட்டி நேரத்துல எவன் தடை போடுவான்? ரியாஸ்தான் எல்லார் வாயையும் கட்டி வச்சிருக்கானே.”

“சட்டத்துல துட்டிக்கு விலக்கு இல்லண்ணே. இருந்திருந்தா அம்மா எழுதியிருப்பாங்க.” அவன் திமிராகச் சொல்லவில்லை, சோர்ந்துபோய்ச் சொன்னான். “என் கூட்டாளி பொண்டாட்டி கதை ஒங்களுக்குத் தெரியும்ல? பிரசவத்துல ரத்தம் நிக்கல. நம்ம நம்பருக்குப் போட்டுப் போட்டுப் பாத்தான், சுவிட்ச் ஆஃப். ரத்தம் கொடுக்கிற ஆளு அடுத்த தெருவுலயே இருந்தாரு. நம்பர் கண்ணுக்குத் தெரிஞ்சிருந்தா அவ இன்னைக்கு இருந்திருப்பா. பிள்ளை மட்டும் கெடக்கு. நான் எப்படிண்ணே பொறுக்கிறது?”

அவன் சொல்வதும் உயிர்.

“ஒரு காரணம் இருக்கு, கௌதம். என்னால சொல்ல முடியாது.”

“சொல்ல முடியாத காரணத்துக்கு நாம நிறுத்துனா, அப்புறம் பொதுத் திட்டம்னு என்ன இருக்கு? நாளைக்கு நானும் ஒரு ரகசியம் வச்சுக்கிட்டு ஒங்களை நிறுத்துவேன். பக்கத்துல எழுதுங்க, எல்லாரும் படிக்கட்டும். அம்மா சொல்லிக் கொடுத்தது அதானே?” போன் அடித்தது. “ஒஸ்தானம்மா, ஒஸ்தான்,” என்று, வந்துவிடுவதாகத் தெலுங்கில் தன் அம்மாவுக்குச் சொல்லிவிட்டு எழுந்தான். “நீங்க மெம்பரும் இல்லியேண்ணே. அம்மா எத்தனை தடவ கூப்பிட்டாங்க.”

கௌதம் நல்லவன். ஆனால் அவன் வாயில் எதுவும் தங்காது. தங்கக் கூடாது என்பது அவன் கொள்கை. அவனிடம் மம்சாபுரம் என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும். அடுத்த மணி நேரத்தில் அது திறந்த பக்கத்தில் நியாயமாக, மரியாதையாக, யாரும் படிக்கும்படி எழுதப்பட்டிருக்கும்.

பெனின் அம்மாவின் போனை எடுத்தான். பூட்டு எண் அவனுக்குத் தெரியும். புதுப் பதிப்பின் சோதனை வடிவம் உறுப்பினர்களுக்கு மட்டும் வந்திருந்தது. அவள் போனிலும் இருந்தது. திறந்தான். ஓ நெகட்டிவ் என்று தேர்ந்தெடுத்தான். ஊர் என்ற இடத்தில் மம்சாபுரம் என்று இட்டான். கௌதம் நிஜத் தகவலைச் சோதனையில் வைத்திருக்க மாட்டான் என்று நினைத்தான்.

வைத்திருந்தான். ஒரே ஒரு வரி வந்தது. ஒரு பெண் பெயர். ஒரு தெரு. ஒரு எண்.

கண் மூடித் திறக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிற ஆட்களுக்கும் இனி அவ்வளவு நேரம்தான் ஆகும். அவர்களுக்கு அவள் பெயர் தெரியும், ரத்த வகையும் தெரியும். கூடப் பிறந்தவர்கள் அல்லவா. அந்தப் பெயரை அவன் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த எண்ணுக்கு அம்மாவின் போனிலிருந்தே கூப்பிட்டுப் பார்த்தான். சுவிட்ச் ஆஃப். அழைப்புப் பட்டியலைப் பார்த்தான். அந்த எண்ணோடு அம்மா பேசியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆராதனை முடிந்த பிறகு. அந்தப் பெண் வாரத்துக்கு ஒருமுறைதான் போனை உயிர்ப்பிக்கிறாள். ஞாயிறு வருவதற்குள் புதுப் பதிப்பு வந்துவிடும்.

இன்னொரு வழி கையிலேயே இருந்தது. அம்மா உறுப்பினர். அவள் கணக்கு திறந்திருக்கிறது. ‘தடை’ என்று எழுதி அனுப்பினால் போதும். அடக்கம் ஆனவளிடமிருந்து செய்தி வந்ததும் ரியாஸ் போனைக் கீழே போட்டுவிடுவான், அது பரவாயில்லை. பெனின் எழுதியும் விட்டான். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றது. கல்லறைத் தோட்டத்திலிருந்து விழுந்த நாலு ஓட்டு நினைவுக்கு வந்தது. “செத்தவ தடை போட்டா அப்புறம் இதுவும் நம்ம சபை எலெக்சன்தாம்லே,” என்று அவள் சொல்வது காதில் கேட்டது. அழித்தான்.

உறுப்பினர் ஒருவர் வேண்டும். உயிரோடு இருக்கிற ஒருவர். சொல்லக்கூடிய ஒரு காரணம் வேண்டும்.

ரியாஸைக் கேட்டான். “அம்மா பேர்ல வர்றதுக்கு நான் தடை போட்டா படைச்சவன் மன்னிப்பானாண்ணே?” என்று அவன் காதைப் பொத்திக்கொண்டான். இன்னும் இரண்டு பேரைக் கேட்டான். ஒருவர், ஜெபம் முடியட்டும் என்றார். மற்றவர் போனை எடுக்கவில்லை. மரியாதை.

மூன்றாம் நாள் காலையில் சத்திரப்பட்டிக்குப் போனான். அங்கே பேண்டேஜ் துணி மடிக்கிற ஷெட்டில் சுடலைமாடத்தி வேலை பார்க்கிறாள். ரத்தம் கேட்கிறவர்கள் கூப்பிடச் செயலியில் ஷிப்டுக்கு ஒரு உறுப்பினரின் எண் இருக்கும்; அதில் ஒரே பெண் எண் அவளுடையது. மதிய ஷிப்டில் ரத்தம் கேட்டு வருகிற அழைப்பெல்லாம் அவளுக்குத்தான் போகும். கௌதமின் கூட்டாளி கூப்பிட்ட அன்று சுவிட்ச் ஆஃப் ஆகியிருந்ததும் அவள் போன்தான். அது எல்லாருக்கும் தெரியும். ஏன் ஆஃப் செய்தாள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

ஷெட்டுக்கு வெளியே வந்தாள். தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“வா தம்பி. துட்டி வீட்டுல இருக்காம இங்க எதுக்கு வந்த?”

பெனின் சொன்னான். மம்சாபுரத்தைச் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் உயிர் என்று மட்டும் சொன்னான். அம்மா தடை போட இருந்ததைச் சொன்னான்.

சுடலைமாடத்தி துணி வெட்டுகிற கத்தியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

“நான் தடை போட்டா என்ன சொல்லுவாக தெரியுமா? போனை எடுக்காம ஒருத்தியக் கொன்னவ இப்ப வந்து நியாயம் பேசுதாம்பாக.”

“ஏன் எடுக்கல அக்கா?”

யாரும் கேட்கிறார்களா என்று ஷெட்டைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

“ஒருத்தன். தினமும் மத்தியானம் போட்டு, ரத்தம் வேணும்பான். என்ன குரூப்புன்னு கேட்டா, ஒன் குரூப்பு என்னாம்பான். பொறவு பேசுற பேச்சு வாயில வராது. வேற வேற நம்பர்ல வருவான். எம் புருசன் காதுல விழுந்துருமோன்னு பயந்து அன்னைக்கு ஆஃப் பண்ணிட்டேன். செத்த நேரந்தான், தம்பி. செத்த நேரந்தான் பண்ணேன்.” கண்ணைத் துடைத்தாள். “அன்னாளக்காட்ட மட்டும் சொன்னேன். ஒன் மேல தப்பு இல்லட்டின்னாக. நாம ஒத்த நம்பரை வெளிய வச்சதுதான் தப்புன்னாக.”

அம்மா தேடிக்கொண்டிருந்த காரணம் இதுதான். பொய்யில்லை. யாரையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் இதைச் சொல்ல வேண்டியவள் சொன்னால்தான் உண்டு.

“இதை எழுதுங்க அக்கா.”

“எழுத மாட்டேன். எம் புருசன் என்னைய வெட்டிப் போட்டுருவான்.” சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே கேட்டவள் மாதிரி நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டு முன்னால் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். போதகர் வந்தார். உறுப்பினர்கள் கடைசி இரண்டு வரிசையில் மொத்தமாக உட்கார்ந்திருந்தார்கள். ரியாஸ் தொப்பி வைத்திருந்தான். எல்லா போனும் சத்தம் அணைத்துக் கிடந்தன. கௌதம் மடிக்கணினிப் பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தான்.

பாட்டு, வேதவாசிப்பு, பிரசங்கம். திறந்த கதவு வழியாக வீட்டுச் சுவர்க் கடிகாரம் பெனினுக்கு நேரே தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்து அதையே பார்த்தான். தெருவில் இரண்டு பேர் பைக்கில் மெதுவாகப் போனார்கள், பந்தலை எட்டிப் பார்த்தார்கள். சாவு வீடு என்றால் யாரும் எட்டித்தான் பார்ப்பார்கள். ஆனாலும் அந்த வண்டி தெருமுனை திரும்பும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்னாளைப் பற்றி யாராவது சாட்சி சொல்லலாம் என்றார் போதகர். ஒரு ஆசிரியர் சொன்னார். ஒரு நர்ஸ் சொன்னாள். கௌதம் எழுந்தான்.

“அம்மா பேர்ல இன்னைக்கு ஒரு...” கண்ணைத் துடைத்தான். “ஜெபம் முடிஞ்சதும் சொல்றேன்,” என்று உட்கார்ந்தான்.

அப்போது பந்தல் வாசலில் சுடலைமாடத்தி நின்றாள். வேலைக்குப் போன சேலையோடு, பஞ்சோடு. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

“எய்யா ரியாசு, போனை எடு.”

“யக்கா, ஜெபம் நடக்கு...”

“அதான் எடுங்கேன். எனக்கு வேகமா எழுத வராது. எம் பேர்ல எழுது. தடை.”

போதகர் இது ஏதோ கல்யாணத் தகராறு என்று பயந்துபோய் வேதப் புத்தகத்தை மூடினார்.

“காரணம் எழுதணும்ல? எழுது. சுடலைமாடத்தி ஆகிய என் நம்பர் ஒண்ணு மட்டும் வெளிய இருக்கு. அதுக்கே ஒரு நாய் தினமும் போட்டு என்னையக் கேக்கக் கூடாததெல்லாம் கேக்கான். அதுக்குப் பயந்து போனை அணைச்சேன். அன்னைக்கு ஒரு பிள்ளத்தாச்சி போயிட்டா. எம் பாவந்தான், நான் சுமக்கேன். நாளையில இருந்து ரத்தம் கொடுக்கிற அம்புட்டுப் பொம்பளையும் என்னைய மாதிரி போனை அணைச்சுட்டா ஒங்களுக்கு எவ ரத்தம் கொடுப்பா? எழுதிட்டியா? மணி என்ன?”

ரியாஸ் போனிலேயே மணியைப் பார்த்தான். “ஆறாகப் போகுதுக்கா.”

“ஆகட்டும். அனுப்பு.”

அனுப்பினான். எல்லாரும் பார்க்காத மாதிரி கௌதமைப் பார்த்தார்கள். அவன் பையின் ஜிப்பைத் திறந்தான்; பெனின் நாற்காலியை விட்டு எழுந்தான். கௌதம் உள்ளே கையை விட்டு, மடிக்கணினியைத் தொட்டுவிட்டு, மறுபடி ஜிப்பை மூடினான்.

“தடை வந்துருச்சு,” என்றான். “ஓட்டுக்கு விடுவோம்.” பிறகு சுடலைமாடத்தியைப் பார்த்து, “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அக்கா?” என்று கேட்டான். அவள் அன்னாளின் படத்துக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்து அழுதாள். போதகர் வழிதெரியாமல் இன்னொரு பாட்டுக்கு எண் சொன்னார்.

ஓட்டுக்கு ஒரு வாரம் இருந்தது. திறந்த பக்கத்தில் சண்டை ஓயவில்லை. அந்த வாரம் முழுக்கப் பெனின் ஒவ்வொரு வரியாகப் படித்தான், யாராவது எதையாவது தெரியாமல் எழுதிவிடுவார்களோ என்று. நடுவில் ஒரு ஞாயிறு வந்தது.

மதியம் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டான். இந்த முறை மணி அடித்தது. எடுத்தார்கள். எதிர்முனையில் பேச்சில்லை, மூச்சு மட்டும். எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது.

“நான் அன்னாளம்மா மகன் பேசுறேன்,” என்றான். “பயப்படாதீங்க, அம்மா இப்ப...”

வெட்டிக்கொண்டது.

அதன் பிறகுதான் புரிந்தது. அன்னாள் செத்தது அவளுக்குத் தெரிந்திருக்காது. அன்னாளின் எண்ணிலிருந்து ஒரு ஆண் குரல். பயப்படாதீங்க என்கிறது. அவள் என்ன நினைத்திருப்பாள்? சுடலைமாடத்தி அக்காவைப் பேசச் சொல்லியிருக்கலாம். ஓடும்போது தோன்றாதது எல்லாம் விழுந்த பிறகு தோன்றும். மறுபடி கூப்பிட்டான். சுவிட்ச் ஆஃப். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறு, அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

ஓலை தோற்றது, மூன்று ஓட்டில். நம்பரைக் காட்டுவதற்குப் பதிலாக ஒவ்வொரு ஷிப்டுக்கும் இரண்டு பேர் போன் எடுக்க வேண்டும் என்று கௌதமே வேறொரு ஓலை போட்டான். அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. துட்டி நேரத்தில் அந்த மூன்று நாள் கணக்கு ஓடாது என்று ரியாஸ் ஒரு சட்டம் சேர்த்தான். சுடலைமாடத்தி வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, ஷிப்டுக்கு வருகிறாள். தோற்ற ஓலையை ஆறு மாதம் கழித்து யாரும் மறுபடி போடலாம். அதுவும் அன்னாள் வைத்த சட்டம்தான்.

சோதனை வடிவத்தைக் கௌதம் எல்லார் போனிலிருந்தும் எடுத்துவிட்டான். அதனால் மம்சாபுரத்து வரி இன்னும் இருக்கிறதா, அவளே அழித்துவிட்டுப் போனாளா என்று பெனினால் பார்க்க முடியாது. பார்க்க முடியாமல் இருக்க வேண்டும் என்றுதான் அவனும் ஓடினான்.

ஒரு நாள் கேஸ்கட்டைப் பையில் வைத்துக்கொண்டு மம்சாபுரம் பஸ்ஸில் ஏறினான். தெருப் பெயர் தெரியும். வீடு தெரியாது. டீக்கடையில் உட்கார்ந்தான். “யாரைத் தம்பி பாக்கணும்?” என்று கேட்டார் கடைக்காரர். அதற்கு ஒரு பதில்தான் உண்டு; அதைத்தான் எங்கேயும் சொல்லக் கூடாது. “யாரையும் இல்ல, பஸ்ஸுக்குத்தான்,” என்றான். திரும்பிப் போகிற முதல் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

கேஸ்கட் மறுபடி ஆணிக்கே போனது. ஐந்து லிட்டர் குக்கருக்கு உள்ளது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றக் குனியும்போதெல்லாம் தலையில் இடிக்கிறது.